றெஜியின்ர இருமல்

இந்தப் போனுக்கு முன்னால இருந்து என்னத்தையப்பா கதைக்கிறது. நேற்றுப் பின்னேரம் மகள் தர்சிகா கையில தந்திட்டுப் போனவள். அப்பா, உந்தச் சிவப்பு வட்டத்தை அமத்திப்போட்டு ஏதாவது கதைச்சு வையுங்கோ, நாளைக்கு ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டு போக முன்னம், பாட்டு வேண்டாம், உங்கட சொந்தக் குரல் எங்களுக்கு வேணும் எண்டு சொல்லிப்போட்டு, மற்றப் பக்கம் திரும்பி மூக்கைச் சீறினவள். சொந்தக் குரலாம். அலுமாரியில மடிச்சு வைச்சிருக்கிற வேட்டியை எடுத்துத் தரச் சொன்ன மாதிரியல்லோ கேக்கிறாள். விடிஞ்சு வெய்யிலும் வந்திட்டுது. முதலாவது ஆளை ட்ரொலியில தள்ளிக்கொண்டு போட்டினம், அடுத்தது நான். நாக்கு அண்ணத்தில ஒட்டிக்கொண்டு கிடக்கு, பச்சைத் தண்ணியும் குடிக்கப்படாதாம். பின்னேரம் கண் முழிக்கேக்குள்ள கழுத்தில ஒரு ஓட்டை இருக்கும், மூச்சு அதுக்குள்ளால போய் வரும், குரல் எண்டு ஒண்டு இராது. டொக்டர் நல்ல பிள்ளை, ஒளிக்காமல் சொன்னவர். ஐயா, குரல்வளையை முழுக்க எடுத்தால்தான் ஆள் மிஞ்சும் எண்டு. ஆள் மிஞ்சும். எந்த ஆள் எண்டு நான் கேக்கேல்லை, அவர் பாவம், அவருக்கு இன்னும் எத்தினை கழுத்து இருக்கோ. கையில கட்டின பட்டியில யோகநாயகம் எண்டு எழுதிக் கிடக்கு. ஆர் அந்த யோகநாயகம்? யாழ்ப்பாணத்தில போய்க் கேட்டுப் பாருங்கோ, ஒரு குருவிக்கும் தெரியாது. பஸ் டிப்போவில ரைம் கீப்பரா இருந்து, பாட்டுக்காரன் றெஜி மாதிரியே பாடித் திரிஞ்ச றெஜி யோகன் எண்டு கேளுங்கோ, வீட்டு வாசலில கொண்டு வந்து விடுவினம்.

ஒருக்கா அமத்திப் பாத்தன். "அன்புள்ள மகளுக்கு" எண்டு தொடங்கினன். சீ, அது அந்தக் காலத்து றேடியோவில நேயர் விருப்பம் வாசிக்கிறவையின்ர குரல், அடுத்த வரியில "விரும்பிக் கேட்டவர்கள், கொக்குவிலில் இருந்து" எண்டு வந்திடும் போல கிடந்தது. அழிச்சன். திரும்ப அமத்தி "தர்சி, அப்பா கதைக்கிறன்" எண்டன். கரகரவெண்டு உள்ளுக்கால வந்தது றெஜி. இதே கரகரப்பைத்தான் நான் வாலிபத்தில இருந்து தேடினது, இப்ப வேண்டாம் எண்டாலும் போகுதில்லை. அதையும் அழிச்சன். மூண்டாந்தரம் அமத்தினால் வாய் தன்ர பாட்டில பாடத் தொடங்கிட்டுது. கலியாண வீட்டில கழட்டி வைச்சன் சோடி, காலமை பாத்தன் ஒண்டு போச்சு ஓடி. அதில ஒரு இருமல் வரவேணும், க்ஹும், அதுக்குப் பிறகுதான் மற்றச் சப்பாத்து எங்கை மச்சான். நான் மெதுவாத்தான் பாடினது, ஆனால் பக்கத்துக் கட்டில் பண்டார கேட்டிட்டார். குருநாகல் பக்கத்து ஆள், போன கிழமை வெட்டினது, கழுத்தில குழாயோட படுத்திருக்கிறார். தன்ர மோதிரத்தால கட்டில் கம்பியில தட்டித் தாளம் போடுறார். இந்தப் பாட்டுச் சிங்களத்திலயும் வந்தது, பஸ்ஸுக்குள்ள இண்டைக்கும் போடுவாங்கள், அந்தாளுக்கு அட்சரம் பிசகாமல் பாடம். சொண்டு மட்டும் அசையுது, சத்தம் இல்லை. சரியா அந்த இருமல் வாற இடத்தில டங்கெண்டு ஒரு தட்டு. பின்னேரம் நானும் இப்பிடித்தான். சொண்டை ஆட்டிக்கொண்டு கிடப்பன். பிறகு ஒரு மெசின் தருவினமாம், கழுத்தில வைச்சு அமத்தினால் கதைக்கலாமாம், ஆனால் எல்லாருக்கும் ஒரே சத்தம்தானாம். அப்ப பண்டாரவுக்கும் எனக்கும் ஒரே குரல். என்ர மனிசி போனில என்னைக் கூப்பிட்டால் பண்டார எடுத்தாலும் அவவுக்குத் தெரியாது. கனவில பேய் துரத்தினால் கத்துவமே, அப்ப சத்தம் வருமோ? டொக்டரிட்டைக் கேக்க வெக்கமாக் கிடந்தது.

றெஜியை முதல் முதல் நான் பாக்கேல்லை, கேட்டனான். பள்ளிக்கூடம் முடிச்சுச் சும்மா திரிஞ்ச காலம். தேத்தண்ணிக் கடை றேடியோவில திடீரெண்டு ஒரு கிற்றார், ஒரு பொங்கோ மேளம், அதுக்கு மேல ஒருத்தன் எங்கட கதையில, நாங்கள் சந்தியில நிண்டு கதைக்கிற அதே கதையில, சப்பாத்துத் துலைஞ்ச கவலையைப் பாடுறான். பாட்டெண்டால் சினிமா, இல்லாட்டில் தேவாரம், இதென்னடா மூண்டாவது சாமான்? ஊற்றின தேத்தண்ணி ஆறிப்போச்சு, கடைக்காரரும் வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறார். பொப்பிசை எண்டு அதுக்குப் பேர் வைச்சினம். கனபேர் பாடினவைதான், ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பட்டம், சக்கரவர்த்தி, இளவரசர், குயில் எண்டு. றெஜிக்குப் பட்டம் இல்லை. கடற்கரைப் பெடியன், அகலக் குழாய்க் காற்சட்டை, தோள் வரைக்கும் மயிர், மைக்கைப் பிடிச்சால் சனம் கதிரைக்கு மேல ஏறும். வாத்திமார் ஏசினவை, கோயில் ஐயர் ஏசினவர், என்ர அப்பர் றேடியோவை எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினவர். பூட்டினால் என்ன, பக்கத்து வீட்டில பாடும். அந்த இசைத்தட்டில ரெண்டாவது அடிக்கு முன்னம் றெஜி ஒருக்கா இருமுவார். ஐயோ, அந்த இருமல்! ஊரெல்லாம் அந்த இருமல். சைக்கிளில போற பெட்டையளைக் கண்டால் பெடியள் க்ஹும் எண்டுவாங்கள், கலியாணத்தில தாலி கட்டி முடிய ஒருத்தன் க்ஹும் எண்டுவான், செத்த வீட்டிலயும் ஒருத்தன் மறந்துபோய் இருமி அடி வாங்கினவன். நான் கிணத்துக்குள்ள குனிஞ்சு நிண்டு பழகினனான். கிணறு குரலைத் தடிப்பாக்கித் தரும். அப்பர் பின்னால வந்து, டேய், உனக்குச் சளியெண்டால் ஆசுப்பத்திரிக்குப் போ, கிணத்தைப் பழுதாக்காதை எண்டார். சிரிச்சனான். இப்ப யோசிச்சால் சிரிப்பு வருகுதில்லை.

ஒருக்கா நேரில கதைச்சனான். ஒரு கலியாண வீட்டுக் கச்சேரி, மேடைக்குப் பின்னால றெஜி ஒரு பெட்டியில குந்தி இருந்து சோடா குடிச்சுக் கொண்டிருக்கிறார். முகத்தில பவுடர் வேர்வையோட வழியுது. நான் கிட்டப் போய், அண்ணை, நான் உங்கட பாட்டு எல்லாம் பாடுவன் எண்டன். பாடன் பாப்பம் எண்டார். பாடினன். இருமல் வாற இடத்தில இருமினன், நல்லா இருமினன், கிணத்தில பழகின இருமல் அல்லோ. அவர் சோடாப் போத்திலைக் கீழ வைச்சிட்டு என்னை ஒரு மாதிரிப் பாத்தார். "தம்பி, எனக்கு அண்டைக்குக் காய்ச்சல். ரெண்டாந்தரம் பாடி எடுக்க ஸ்ரூடியோவில நேரமும் இல்லை, என்னட்டை மூச்சும் இல்லை, அப்பிடியே விட்டிட்டாங்கள். அது நோய்க்காரன்ர இருமலடாப்பா. உனக்கு என்ன வருத்தம், நீ ஏன் இருமுறாய்?" எண்டார். பக்கத்தில நிண்ட கிற்றார்காரர் விழுந்து விழுந்து சிரிச்சார். எனக்கு வெக்கம். ஆனால் பாருங்கோ விசர் மூளையை, அண்டிரவு நான் என்னத்தை நினைச்சுப் படுத்தனான் தெரியுமே? றெஜி அண்ணை என்னைத் தம்பி எண்டவர். டாப்பா எண்டவர். அந்தாள் சொன்ன மிச்சம் ஒண்டும் காதில விழேல்லை. அடுத்த நாளும் இருமினனான். அவரும் அடுத்த மேடையில இருமினவர், நான் பாத்தனான், காய்ச்சல் ஒண்டும் இல்லாமல், சனம் காத்துக்கொண்டு நிண்டபடியால். அவரும் தன்ர இருமலிட்டைத் தானே பிடிபட்டுப் போனார், பாவம்.

பாட்டு ஒரே பாட்டுத்தான், ஆனால் ஒரே மாதிரி இருக்கிறதில்லை. சண்டைக்குப் பயந்து ஊர் வெளிக்கிட்ட இடப்பெயர்வில யாழ்ப்பாணம் முழுக்க ஒரே றோட்டால மழைக்குள்ள நடந்தது, நானும் மனிசி தவமலரும் பிள்ளையைத் தோளில போட்டுக்கொண்டு. சேத்துக்குள்ள பாத்த இடமெல்லாம் ஒற்றைச் செருப்பு, ஒற்றைச் சப்பாத்து. மற்றச் சப்பாத்து எங்கை மச்சான். வாய் தானாத் தொடங்கிட்டுது, தவம் திரும்பி ஒரு பார்வை பாத்தா, அவ்வளவுதான். பிறகு கனகாலம் அந்தப் பாட்டை நான் தொடேல்லை. றெஜி அதுக்குள்ள ஊரில இல்லை, எங்கையோ பிறநாட்டில ஒரு அறையில தனியச் செத்துப்போனார் எண்டு பேப்பரில கைவிரல் அகலத்தில ஒரு செய்தி. படம் கூடப் போடேல்லை. கடலைக்காரன் சுத்தித் தந்த பேப்பரிலதான் அதைக் கண்டன், எண்ணெய் ஊறிப்போன செய்தி. கடலையைத் தின்னாமல் கொட்டினனான். சண்டை முடிஞ்சாப் பிறகு பெடியள் சேர்ந்து வருசா வருசம் றெஜி நினைவு மாலை எண்டு தொடங்கினவை, என்னைத்தான் பாடக் கூப்பிட்டவை. பாக்கோணும் சனத்தை! றெஜி செத்த பிறகு பிறந்ததுகள் எல்லாம் எழும்பி ஆடுதுகள். சுவிசில இருந்து ஒரு பெடியன் மேளம் கீளம் எல்லாம் கலந்து புதுசாப் போட்டிருக்கிறான், அதிலயும் அந்த இருமலை வெட்டாமல் வைச்சிருக்கிறான். ஒரு முறை முன் வரிசையில ஒற்றைக் காலோட ஒரு ஆள், ஊண்டுகோலை மேல தூக்கிப் பிடிச்சு, "அண்ணை, எனக்கு மற்றச் சப்பாத்துத் தேவையில்லை, நீங்கள் பாடுங்கோ!" எண்டு கத்தினார். சனம் சிரிக்கிறதோ அழுகிறதோ எண்டு தெரியாமல் நிண்டுது. பாடினன். அந்தாள் ஆடினார். ஒரு காய்ச்சல்காரன் அவசரத்தில பாடின பாட்டு, எங்கை வந்து நிக்குது பாருங்கோ. அரசாங்கங்கள் போச்சு, இயக்கங்கள் போச்சு, வீடு வாசல் போச்சு, அந்த இருமல் மட்டும் போகேல்லை.

போன வருச மேடையிலதான் விசயம். அதுக்குக் கொஞ்சம் முன்னமே தொண்டை கட்டத் தொடங்கிட்டுது. பனி எண்டு நினைச்சன், வெந்தயம் அவிச்சுக் குடிச்சன், போகேல்லை. மேடையில ஏறி வாயைத் திறந்தால், மெய்யாச் சொல்லுறன், எனக்கே மயிர் கூச்செறிஞ்சுது. றெஜி! கிணத்துக்குள்ள குனிஞ்சும், சுருட்டுப் பிடிச்சும், மிளகு சப்பியும் வராத அந்தக் கரகரப்பு, கேளாமல் பறையாமல் வந்து நிக்குது. இருமல் வாற இடத்தில நான் இருமத் தேவையில்லை, அதுவா வந்தது. சனம் எழும்பி நிண்டு கைதட்டினது. றெஜியோட கிற்றார் வாசிச்ச கிழவர் மேடைக்கு ஏறி வந்து என்ர கையைப் பிடிச்சு, "இப்பத்தானடா நீ றெஜி" எண்டு அழுதார். கனடாவில இருந்து ஆக்கள் போன் எடுத்து அழுதினம். ஒருத்தரும் டொக்டரிட்டைப் போ எண்டு சொல்லேல்லை. ஏன் சொல்லுவினம்? கண்ணாடியில ஆளைப் பாத்தால் மெலிவு, அதுக்கும் றெஜி மாதிரியே மெலிஞ்சிட்டார் எண்டினம். வீட்டில காலமை இருமினால் மகள் அடுப்படியில இருந்து மற்றச் சப்பாத்து எங்கை மச்சான் எண்டு பாடுவாள். தவம் மட்டும் ஒரு நாள், "என்னப்பா, சோறு விழுங்கேக்குள்ளயும் றெஜியே?" எண்டு கேட்டவ. உமக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும், சும்மா இரும் எண்டு போட்டன். மேடைக்கு மேல மேடை. அச்சுவேலி, மன்னார், மட்டக்களப்பு. என்ர சீவியத்தில நான் சந்தோசமா இருந்த மாதங்கள் எண்டால் அதுகள்தான், வேறை இல்லை. அந்தக் குரலை எனக்குத் தந்தது தொண்டையில வளந்த ஒரு புத்துநோய். கடைசியாச் சோதிச்சுப் பாத்த டொக்டர், இது கன மாதமா இருந்திருக்குமே, குரல் மாறினது தெரியேல்லையோ எண்டு கேட்டார். தெரிஞ்சது டொக்டர், கைதட்டினவை எண்டு சொன்னன். அவருக்கு விளங்கேல்லை. தர்சிகா பக்கத்துக் கதிரையில இருந்தபடி முகத்தைப் பொத்தினாள். அண்டையில இருந்து அவள் வீட்டில பாட்டே போடுறதில்லை.

அப்ப என்ர குரல் எது? புத்து வந்தாப் பிறகு வாறது றெஜியின்ர. புத்துக்கு முன்னம் வந்ததும் றெஜியின்ர தானே, நான் கள்ளமா எடுத்தது. பாட்டில மட்டும்தான் றெஜி எண்டால் அதுவும் இல்லை. டிப்போவில பஸ் வெளிக்கிடுற நேரத்தைக் கத்தினதும் றெஜி மாதிரித்தான், பருத்தித்துறைப் பஸ் எண்டு கத்தினால் சனம் கைதட்டும். பிள்ளையைத் தாலாட்டினதும் அப்பிடித்தான். சரி, ஆரும் இல்லாத நேரம் எனக்குள்ள கதைக்கிறது, இப்ப கதைக்கிறது, இது ஆரின்ர குரல்? காதைப் பொத்திக்கொண்டு கேட்டுப் பாத்தன். இதயம் அடிக்கிறதுதான் கேக்குது. வெட்டி எடுத்ததைப் பிறகு என்ன செய்வினம்? போத்திலுக்குள்ள போட்டு வைப்பினமோ? பெடியளுக்குக் காட்டிப் படிப்பிப்பினமோ? கத்தி வைக்கிற நேரம் முழிப்பு வந்திட்டால் என்ன செய்யிறது, கத்தவும் ஏலாதே. தண்ணி ஒரு மிடறு, ஒரே ஒரு மிடறு தந்தால் ஒழுங்காக் கதைச்சிடுவன். தர்சி, அப்பா சுகம். இல்லை. பிள்ளை, அம்மாவைப் பாத்துக்கொள். அதுவும் இல்லை, அது சாகப் போறவன்ர கதை. எது சொன்னாலும் பொய்யாக் கிடக்கு. ஒரு ஆள் எழுபது வயசு கிட்டக் கதைச்சுத் திரிஞ்சிட்டு, ஒரு வசனம் சொந்தமாக் கதைக்கத் தெரியாமல் கிடக்கிறான், விசரன்.

மனிசி வாறா. தியேட்டருக்குப் போக முன்னம் ஒருத்தரைத்தான் உள்ள விடுவினம், மகளை வெளியில விட்டிட்டு வந்திருக்கிறா. நித்திரை கொள்ளேல்லை, முகம் வீங்கிக் கிடக்கு. "கதைச்சு வைச்சனீங்களே?" எண்டு கேட்டா. தலையை ஆட்டினன், இல்லையெண்டு. ஏசப் போறா எண்டு பாத்தால் ஏசேல்லை, அதுதான் எனக்குப் பயமாக் கிடந்தது. "எனக்குத் தெரியும்" எண்டா. "அந்த மனிசன் செத்து எவ்வளவு காலம், இன்னும் எங்கட வீட்டிலதான் சாப்பிட்டுக் கொண்டிருக்கிறார். போனைத் தாங்கோ." கட்டில் விளிம்பில இருந்து எதையோ தேடித் தேடி அமத்தினா. கனடாவில இருக்கிற அவவின்ர தம்பி குலம் அனுப்பினதாம். எங்கட கலியாணத்தில நாலாஞ்சடங்கு அண்டு, ரெண்டு பகுதியும் கூடிச் சாப்பிட்ட பந்தியில, குலம் புதுசா வாங்கின ரேப் ரெக்கோடரில பதிஞ்ச கசெற், அவன்ர வீட்டு நிலக்கீழ் அறையில ஒரு பெட்டிக்குள்ள இருந்ததாம். எனக்கு வருத்தம் எண்டு தெரிஞ்ச நாளில இருந்து இவ அவனைப் போனில விடாமல் ஆய்க்கினைப்படுத்தித் தேட வைச்சிருக்கிறா. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. கேட்டன். கோப்பையள் முட்டுற சத்தம், குழந்தை ஒண்டு அழுகுது, ஆரோ ஒரு பொம்பிளை பாயாசம், பாயாசம் எண்டுறா. மாப்பிள்ளை, சப்பாத்துப் பாட்டு எண்டு ஒரு கூக்குரல். கொஞ்சம் பொறுங்கோ, தண்ணி குடிச்சிட்டு வாறன் எண்டு ஆரோ சொல்லினம். கைதட்டல். பிறகு கிற்றார், பிறகு கலியாண வீட்டில கழட்டி வைச்சன் சோடி. எனக்கு நெஞ்சு நிமிந்திட்டுது. அந்த வயசிலயே! "பாத்தீரே, அச்சு அசல் றெஜி!" எண்டன். இவ படக்கெண்டு நிப்பாட்டினா. "ஏனப்பா நிப்பாட்டுறீர், விடுமன், இருமல் இன்னும் வரேல்லை." "அதை விடுங்கோ. இதைக் கேளுங்கோ." பின்னால இழுத்துத் திரும்பப் போட்டா. கொஞ்சம் பொறுங்கோ, தண்ணி குடிச்சிட்டு வாறன். "கேட்டன். ஆரது, குலத்தின்ர சிநேகிதப் பெடியனே?" எண்டன்.

அவ என்னைப் பாத்தா. கோபம் எண்டால் எனக்குத் தெரியும், அழுகை எண்டாலும் தெரியும், இது ரெண்டும் இல்லை. "நீங்கள்தான்" எண்டா. "நீங்கள்தானப்பா." திரும்பப் போட்டா. கொஞ்சம் பொறுங்கோ, தண்ணி குடிச்சிட்டு வாறன். மெல்லிசாக் கிடக்கு. புது மாமியார் வீட்டில கூச்சப்படுகிற பெடியன், வாறன் எண்டேக்குள்ள கடைசியில குரல் கொஞ்சம் மேல போகுது. கரகரப்பு இல்லை, கள்ளம் இல்லை. இவன் எங்கை போனவன்? தண்ணி குடிக்கப் போனவன், திரும்பி வந்தது றெஜி. "மிச்சத்தையும் வைச்சிரும், பாட்டு நல்லா வந்திருக்கு" எண்டன். "பாட்டு எனக்கு வேண்டாம்" எண்டா தவம். "அது றெஜியின்ர. எங்கை போனாலும் கிடைக்கும். எனக்கு இது மட்டும் காணும்." அப்பத்தான் ட்ரொலியைக் கொண்டு வந்தாங்கள். ரெண்டு பேர் தூக்கிப் போட்டாங்கள், சில்லு கிறீச்செண்டுது, தவம் ஒரு கையால என்ர காலைத் தொட்டா, மற்றக் கையில போன். தள்ளிக்கொண்டு போகப் போகப் பின்னால அந்தப் பெடியன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறான், கொஞ்சம் பொறுங்கோ, கொஞ்சம் பொறுங்கோ எண்டு. நல்ல குரல். மெய்யாவே நல்ல குரலப்பா அது. அதை ஒருக்காச் சத்தமாத் தவத்திட்டைச் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு தலையைத் தூக்கி, நாக்கால சொண்டைத் தடவி, வாயைத் திறந்தன். இருமல்தான் வந்தது. பண்டார கட்டில் கம்பியில டங்கெண்டு ஒரு தட்டுத் தட்டினார்.